ஜூலை 4 அன்று பிள்ளைகளோடு: கையில் நெருப்பில்லாமல் ஒரு முழு நாள்

நியூ ஜெர்சிக்குக் குடிவந்து எட்டு மாதம்தான் ஆகிறது, 3 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பிள்ளைகள், திருநெல்வேலியிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்திருக்கிறார்கள், அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 அன்று எல்லாரும் சேர்ந்து என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கவலை கடைசி வரியில்தான் வெளிப்படுகிறது. பக்கத்து மாநிலத்துக்குப் போய் வெடி வாங்கி வரலாம் என்கிறார் கணவர்; தீபாவளிக்குக் கொளுத்திப் பழகிய நமக்கு இதில் என்ன பயம் என்கிறார் மாமனார்; வேண்டாம் என்று சொன்னால் பண்டிகையைக் கெடுத்த பழி என்மேல் விழுமோ என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே, பொழுதுபோக்குகளை அடுக்கிச் சொல்வதோடு என் பதில் முடியாது. எது உண்மையிலேயே ஆபத்து, எது வீண் பயம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். நெருப்பை விலக்கிய பிறகும் அந்த நாள் பிள்ளைகளுக்குப் பண்டிகையாகவே இருக்குமா என்ற கேள்விக்கும் விடை சொல்ல வேண்டும். இருக்கும் என்பதுதான் என் விடை.

நான் 16 ஆண்டுகளாக இந்த நாட்டில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். பல ஜூலை 4 இரவுகளைப் பணியில்தான் கழித்திருக்கிறேன். அடிபட்டு வந்த பிள்ளைகளை மட்டுமே பார்க்கும் இடத்தில் இருப்பவளுக்கு எல்லாமே ஆபத்தாகத் தெரியும் என்பதையும் நீங்கள் கணக்கில் கொள்ள வேண்டும். அன்று சந்தோஷமாக இருந்துவிட்டு வீடு திரும்பிய ஆயிரக்கணக்கான பிள்ளைகள் என் கண்ணில் பட்டதில்லை. மேலும், நான் மருத்துவரோ சட்டம் படித்தவளோ இல்லை. பெரியவர்களின் மருந்து விஷயத்தில் அவர்களுடைய மருத்துவர் சொல்வதும், வெடி விஷயத்தில் உங்கள் ஊர் நிர்வாகம் சொல்வதுமே இறுதி.

முதலில் வெடியைப் பற்றிப் பேசிவிடலாம். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கின்படி, 2023இல் வாணவெடிகளால் ஏறத்தாழ 9,700 பேர் காயமடைந்து சிகிச்சை பெற்றார்கள், 8 பேர் இறந்தார்கள். 2024இல் அது 14,700 காயங்களாகவும் 11 இறப்புகளாகவும் உயர்ந்தது. காயம்பட்டவர்களில் பெரும்பாலோர் ஜூலை 4ஐ ஒட்டிய சில வாரங்களில் வந்தவர்கள். கைகளும் விரல்களும்தான் அதிகம் காயப்படுகின்றன, அடுத்து தலை, முகம், காது. இந்த எண்ணிக்கை தேர்ந்தெடுத்த சில மருத்துவமனைகளின் பதிவுகளிலிருந்து நாடு முழுமைக்கும் கணிக்கப்படுவது. எனவே ஓர் ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் உள்ள ஏற்ற இறக்கத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கம்பி மத்தாப்பால் அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் 2023இல் சுமார் 700 பேர், 2024இல் சுமார் 1,700 பேர் என்று இருப்பதை வைத்து, மத்தாப்பு ஒரே ஆண்டில் இரு மடங்குக்கு மேல் ஆபத்தாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாரும் அபாயமில்லாதது என்று நினைத்துக் குழந்தையின் கையில் முதலில் கொடுக்கும் அந்தக் கம்பி மத்தாப்பே ஆண்டுதோறும் இத்தனை பேரைப் படுக்கைக்குக் கொண்டுவருகிறது என்பதில் சந்தேகம் ஏதுமில்லை.

காரணம் எளிமையானது. எரியும் மத்தாப்பின் நுனி ஏறத்தாழ 2,000 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 1,100 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸ்தான் என்பதை நினைத்துக்கொண்டால் வித்தியாசம் புரியும். ஆனால் நான் அதிகம் பார்த்த காயம் மத்தாப்பு எரியும்போது பட்டது அல்ல. பொறி நின்றதும் குழந்தை கம்பியைப் புல்லில் போட்டுவிடும். கறுத்துப்போன கம்பி இருட்டில் தெரியாது. இரண்டு நிமிடம் கழித்து அடுத்த மத்தாப்புக்காக அதே குழந்தையோ அதன் தங்கையோ ஓடி வந்து வெறுங்காலால் மிதிக்கும். உள்ளங்காலின் குறுக்கே அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் வெளுத்த ஒரு தழும்பு, இரு ஓரத்திலும் சிவப்பு. அதைப் பார்த்தவுடனே எது பட்டது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும், கேட்க வேண்டியதில்லை. இன்னொன்று, தூக்கி வைத்திருக்கும் கைக்குழந்தையின் பக்கத்தில் மூத்த பிள்ளை மத்தாப்பைச் சுழற்றுவது. பெரியவர் நிற்கும்போது அவருடைய மார்பு உயரத்தில் இருக்கும் கைக்குழந்தையின் முகமும், 7 வயதுப் பிள்ளை உயர்த்திப் பிடிக்கும் மத்தாப்பின் நுனியும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வரும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் கம்பி மத்தாப்பு உட்பட எந்த வாணவெடியையும் குடும்பங்கள் தாங்களாகக் கொளுத்த வேண்டாம் என்றே சொல்கிறது. அதை மிகைப்படுத்தப்பட்ட எச்சரிக்கையாக நான் நினைக்கவில்லை.

மாமனார் சொல்வதையும் நான் ஒதுக்கிவிடவில்லை. நானும் ஐப்பசி மாதத்து விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மத்தாப்பு பிடித்து வளர்ந்தவள்தான். ஆனால் அங்கே நாம் கொளுத்திய இடமும் காலமும் வேறு. தீபாவளி வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகிறது. வாசல் ஈரமாக இருக்கும், தரை சிமெண்டாகவோ மண்ணாகவோ இருக்கும், சுவர் செங்கல்லாக இருக்கும். இங்கே ஜூலையில் புல்வெளி காய்ந்து கிடக்கும். வீடு மரச்சட்டத்தால் ஆனது, வெளிச்சுவரில் பிளாஸ்டிக் பலகை, பின்புறம் மரத்தளம், அதன் அடியில் சருகு. பிள்ளைகள் அரைக்கால் சட்டையும் கையில்லாத பனியனும் ரப்பர் செருப்புமாக நிற்பார்கள். ஊரில் பார்த்துக்கொள்ளச் சித்தப்பா, மாமா என்று பத்துப் பேர் இருந்தார்கள். இங்கே நீங்கள் இருவர்தான். இதை இப்படியே அவரிடம் சொல்லிப் பாருங்கள். “உங்களுக்குத் தெரியாது மாமா” என்று சொல்வதைவிட, “இந்த வீட்டுக்கும் இந்த மாதத்துக்கும் அது ஒத்து வராது மாமா” என்று சொன்னால் அவருடைய அனுபவத்தைக் குறைத்துப் பேசியதாக ஆகாது.

சட்டத்தைப் பொறுத்தவரை, நியூ ஜெர்சி 2017 முதல் கம்பி மத்தாப்பு, தரையில் பொறி விடும் சிறு வாணங்கள் போன்றவற்றை அனுமதிக்கிறது; வெடிப்பவையும் வானில் பறப்பவையும் தடைதான். பென்சில்வேனியாவில் விதி தளர்வானது. அதனால் பலர் ஆற்றைக் கடந்து போய் வாங்கி வருகிறார்கள். அங்கே விற்கலாம் என்பதற்காக இங்கே கொண்டுவந்து கொளுத்தலாம் என்று ஆகாது. கணவருக்கு இந்த ஒரு விவரமே போதுமானதாக இருக்கலாம்.

இனி, நெருப்பில்லாவிட்டால் அது ஜூலை 4 ஆகுமா என்ற கேள்வி. 1776இல் பிலடெல்பியாவில் கூடிய குடியேற்ற நாடுகளின் பேரவை ஜூலை 2 அன்றே பிரிட்டனிலிருந்து விடுபடத் தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்துக்கான பிரகடனத்தை ஜூலை 4 அன்று ஏற்றுக்கொண்டது. ஜூலை 3 அன்று பேரவை உறுப்பினர் ஜான் ஆடம்ஸ் தம் மனைவி அபிகேலுக்கு எழுதிய கடிதத்தில், தீர்மானம் நிறைவேறிய ஜூலை 2 இனி எப்படிக் கொண்டாடப்படும் என்று கற்பனை செய்து அணிவகுப்பு, விளையாட்டுகள், மணியோசை, தீபங்கள் என்று ஒரு வரிசையே போடுகிறார். நெருப்பு அந்த வரிசையில் ஒரு பகுதி மட்டுமே. பழமை பற்றிச் சொல்வதானால் பாதுகாப்பு பற்றிய பேச்சும் பழையதுதான். 1903ஆம் ஆண்டு ஜூலை 4 கொண்டாட்டக் காயங்களை அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழ் கணக்கெடுத்தபோது, 400க்கும் மேற்பட்டோர் ரணஜன்னியால் (டெட்டனஸ்) இறந்திருந்தார்கள். பொம்மைத் துப்பாக்கியின் வெற்றுத் தோட்டா கையில் கீறியதுதான் பலருக்கும் தொடக்கம். அதன் பிறகுதான் ஊர் ஊராகப் பாதுகாப்பான சுதந்திர தினம் வேண்டும் என்ற இயக்கம் எழுந்து, அணிவகுப்புகளும் பூங்கா விளையாட்டுகளும் பெருகின. இப்போது நீங்கள் தேடும் மாற்று வழிகளில் பல, நூறு ஆண்டுகளுக்கு முன்பு உங்களைப் போன்ற பெற்றோர் கேட்டுப் பெற்றவை.

காலையில் தொடங்குங்கள், வெயில் ஏறுவதற்கு முன் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் உற்சாகம் மிகுந்த நேரம் அதுதான். பெரும்பாலான ஊர்களில் முற்பகல் அணிவகுப்பு இருக்கும். தீயணைப்பு வண்டிகளும் பள்ளி வாத்தியக் குழுவும் போகும், பிள்ளைகளுக்கு மிட்டாய் வீசுவார்கள். வண்டிச் சக்கரத்தின் அருகே மிட்டாய் பொறுக்க 3 வயதுக் குழந்தை ஓடிவிடும் என்பதால், முதல் வரிசையில் நிற்காமல் நடைபாதையில் நாற்காலி போட்டு உட்காருங்கள். ரோட் ஐலண்டின் பிரிஸ்டல் நகரில் இந்தக் கொண்டாட்டம் 1785 முதல் விடாமல் நடந்து வருகிறது. பேரணி இல்லாத ஊரென்றால் உங்கள் தெருவிலேயே சைக்கிள் ஊர்வலம் வைக்கலாம். சிவப்பு, வெள்ளை, நீல வண்ணக் காகித நாடாவைக் கைப்பிடியிலும் சட்டத்திலும் சுற்றுங்கள். நுனியைத் தொங்க விடாமல் ஒட்டிவிடுங்கள். தொங்கும் நாடா சங்கிலியில் சிக்கினால் சைக்கிள் சட்டென்று நின்று பிள்ளை கைப்பிடிக்கு மேலாக விழும், நான் அப்படி வந்த முன்பற்களைப் பார்த்திருக்கிறேன். தலைக்கவசத்தில் நட்சத்திரம் ஒட்டித் தருவதாகச் சொன்னால் போட்டுக்கொள்ளத் தகராறு இருக்காது.

பிலடெல்பியா உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. பிரகடனம் ஏற்கப்பட்ட சுதந்திர மண்டபத்தையும் விடுதலை மணியையும் நேரில் காட்டலாம், ஆனால் 3 வயதுக் குழந்தையோடும் முதியவர்களோடும் ஜூலை 4 அன்றே போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வரிசையும் வெயிலும் அன்று மிக அதிகம், வேறொரு வார நாளில் போங்கள். அன்றைக்கு வீட்டில் செய்ய ஒன்று சொல்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 4 பிற்பகலில், பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களின் வழிவந்த பிள்ளைகள் அந்த விடுதலை மணியை, விரிசல் விட்டது என்பதால், அடிக்காமல் 13 முறை மெல்லத் தட்டுவார்கள். அன்றைய 13 குடியேற்ற நாடுகளுக்கு ஒன்றாக. எங்கள் வீட்டில் பூஜை மணியை எடுத்துப் பிள்ளைகள் 13 முறை அடிப்பார்கள், பெரியவள் ஒவ்வோர் அடிக்கும் ஒரு பெயர் சொல்வாள், சின்னவன் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் பின்தாளம் போடுவான். பிறகு கொடியை வரையச் சொல்லலாம்: 13 பட்டை, 50 நட்சத்திரம். 1960 ஜூலை 4 முதல்தான் 50 நட்சத்திரக் கொடி. அதற்கு முந்தைய கொடிகளில் எத்தனை இருந்தன என்று 7 வயதுப் பிள்ளை தானே தேடிக் கண்டுபிடிக்கட்டும். தாத்தாவிடம் 1947 ஆகஸ்ட் 15 பற்றித் தம் பெற்றோர் சொன்னதைச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு நாடுகளின் விடுதலையையும் ஒரே மேசையில் கேட்கும் வாய்ப்பு உங்கள் பிள்ளைகளுக்கு இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டாம்.

பிற்பகலில் பிள்ளைகள் சலித்துக்கொள்ளும்போது பை ஐஸ்கிரீம் செய்யலாம். இறுக மூடும் சிறு பையில் அரைக் கோப்பை பாலும் அரைக் கோப்பை கிரீமும் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையும் சில துளி வெனிலாவும் ஊற்றி மூடி, அதைப் பெரிய பையில் பனிக்கட்டியும் ஒரு கைப்பிடி நிறையக் கல்லுப்பும் போட்டு அதற்குள் வைத்துக் குலுக்க வேண்டும். பத்து நிமிடத்துக்குள் கெட்டிப்படும். இதிலும் ஒரு கவனம் வேண்டும். உப்புக் கலந்த பனிக்கட்டி சாதாரணப் பனியைவிட வெகுவாகக் குளிரும், பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். வெறுங்கையால் பிடித்துக்கொண்டே இருந்தால் தோலில் பனிப்புண் வரும். பையைத் துண்டில் சுற்றிக் கொடுங்கள், ஆளுக்கு ஆள் மாற்றிக் குலுக்குங்கள்.

சாப்பாட்டில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது நேரக் கணக்கு. சமைத்த உணவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெளிவெப்பம் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். பூங்காவுக்குப் பிரியாணியும் தயிர் சாதமும் கொண்டுபோகும் நமக்கு இது முக்கியம். சோற்றில் வளரும் ஒரு வகைக் கிருமியின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. புளியோதரை ஒரு நாள் தாங்குமே என்று அத்தை கேட்பார்கள். புளியும் உப்பும் எண்ணெயும் கெடுவதைத் தாமதப்படுத்தும் என்பதில் நியாயம் உண்டு. நம் முன்னோர் கட்டுச்சோறு கட்டிப் போனதும் உண்மை. ஆனால் ஒவ்வொரு வீட்டுப் புளியோதரையிலும் புளியின் அளவு வேறு, காரின் பின்பெட்டியில் ஏறும் சூடும் வேறு. எனவே குழந்தைக்குக் கொடுப்பதை மட்டும் பனிப்பெட்டியில் வைத்துவிடுங்கள். 3 வயதுக் குழந்தைக்கு ஹாட் டாக்கையும் திராட்சையையும் வட்டமாக நறுக்கிக் கொடுக்காதீர்கள். அந்த வட்டம் மூச்சுக் குழலை அப்படியே அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் நான்காகக் கீறி, பிறகு சிறிதாக நறுக்குங்கள். கிரில் அடுப்பைச் சுற்றி மூன்றடிக்குப் பிள்ளைகள் வரக்கூடாது என்று சாக்கட்டியால் வட்டம் போட்டுவிடுங்கள். மழை வந்தாலும் அதைக் கார் கொட்டகைக்குள் கொண்டுபோகாதீர்கள், கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் சேரும்.

இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து இருமுறை படியுங்கள். யாராவது உங்களை நீச்சல்குளம் உள்ள வீட்டுக்கு அழைத்திருந்தால், அன்றைய நாளின் மிகப் பெரிய ஆபத்து வெடியில் இல்லை, அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. இந்த நாட்டில் 1 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகளின் இறப்புக்கு முதற்காரணம் நீரில் மூழ்குவதே. அது கூச்சலோடு நடப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பர் வீட்டு விருந்தில் குளத்தைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தோம். பிள்ளைகள் குளித்துக் கரையேறி, கையில் கட்டியிருந்த காற்றுப் பட்டைகளைக் கழற்றிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் சோளம் பரிமாறிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் குழந்தை, மிதந்துகொண்டிருந்த பந்தை எடுக்க மறுபடி படியில் இறங்கியிருக்கிறாள். தெறிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. நீருக்கு மேல் முடி மட்டும் பாசிபோல் விரிந்து மிதந்ததைத் தற்செயலாகத் திரும்பிப் பார்த்த ஒருவர் உடையோடு குதித்துத் தூக்கினார். குழந்தை இருமி அழுதாள், பிழைத்தாள். இத்தனைக்கும் அங்கே செவிலியர் நான் ஒருத்தி இருந்தேன், நானும் சோளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து நான் போகும் இடமெல்லாம் கயிற்றில் கோத்த ஓர் அட்டையை எடுத்துப்போகிறேன். அதைக் கழுத்தில் போட்டிருப்பவர் 15 நிமிடம் தண்ணீரை மட்டுமே பார்க்க வேண்டும். போன் கூடாது, பேச்சுக் கூடாது, மது அருந்தியவருக்கு அட்டை கிடையாது. நேரம் முடிந்ததும் அடுத்தவர் கழுத்தில் தம் கையாலேயே மாட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். உங்கள் 3 வயதுக் குழந்தை தண்ணீரில் இருக்கும்போது கரையிலிருந்து பார்ப்பது போதாது, கை நீட்டினால் தொடும் தூரத்தில் நீங்களும் தண்ணீரில் இருக்க வேண்டும். கையில் மாட்டும் காற்றுப் பட்டை விளையாட்டுப் பொருள்தான். கடலோரக் காவல்படை ஏற்ற முத்திரையுள்ள மிதவைச் சட்டையே பாதுகாப்பு. நீல நிற நீச்சலுடை நீருக்கடியில் தெரியாது, ஆரஞ்சு தெரியும் என்று சொல்வதில் பொருள் இருக்கிறது, வாங்கும்போது அப்படியே வாங்குங்கள். ஆனால் அதற்காகக் கண்ணை எடுத்துவிட முடியாது. விளையாடி முடித்தவுடன் பந்து, பொம்மை எல்லாவற்றையும் குளத்திலிருந்து எடுத்துவிடுங்கள். வேலிக் கதவு தானாகச் சாத்திக்கொள்கிறதா என்று நீங்களே இழுத்துப் பாருங்கள். வீட்டுக்காரர் தவறாக நினைக்க மாட்டார்.

குளத்துக்கு ஈடாகச் செய்ய வீட்டு முற்றத்தில் தண்ணீர் தெளிக்கும் குழாய் ஒன்று போதும். வெயிலில் கிடந்த ரப்பர் குழாயில் முதலில் வரும் தண்ணீர் சுடும், அதை மட்டும் தரையில் விட்டுவிட்டுப் பிறகு பிள்ளைகளை அழையுங்கள். புல்லில் விளையாடிய பிறகு காதுக்குப் பின்னும் முழங்கால் மடிப்பிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

பெரியவர்களுக்கு இங்கே வெயில் புழுக்கத்தோடு வரும், திருநெல்வேலி வெயிலைப் பார்த்தவர்கள் என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர் அதிகம் பிரியச் செய்யும் மாத்திரையோ இரத்த அழுத்த மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று முன்கூட்டியே அவருடைய மருத்துவரிடம் கேட்டுவைப்பது நல்லது. சர்க்கரை நோய் உள்ளவர் என்றால் கடற்கரை மணலிலும் சூடான நடைபாதையிலும் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். இன்சுலினைக் காரில் வைக்காதீர்கள். யாரையும், ஐந்து நிமிடத்துக்குக்கூட, மூடிய காரில் விட்டுப் போகாதீர்கள். பத்து நிமிடத்தில் உள்ளே ஏறத்தாழ 20 டிகிரி ஃபாரன்ஹீட் கூடிவிடும்.

இரவு வாணவேடிக்கையை ஊர் நடத்தும் இடத்தில் போய்ப் பாருங்கள். அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் கொளுத்துகிறார்கள். உங்கள் பகுதியில் அந்தி எட்டரை மணிக்குத்தான், ஆகவே நிகழ்ச்சி ஒன்பதேகாலுக்கு மேல்தான் தொடங்கும். 3 வயதுக் குழந்தையை மாலையில் ஒரு மணி நேரம் தூங்க வைத்து அழைத்துப்போனால் எல்லாருக்கும் நல்லது. வெடிக்கும் இடத்துக்கு அருகே ஓசை காதைக் கெடுக்கும் அளவுக்கு, சில வேளை 150 டெசிபல் வரை, இருக்கும். ஓரிரு கால்பந்து மைதானங்களின் தூரம் தள்ளி நின்றால் நிலைமை வேறு. அவ்வளவு தூரத்தில் காதுக்கவசம் கட்டாயமா என்று கேட்டால், கேட்கும் திறனைவிடப் பயத்தைத் தணிக்கவே அது உதவும் என்பது என் கருத்து. குழந்தை அதை விரும்பினால் போடுங்கள். மூத்த பிள்ளைக்கு மூச்சிழுப்பு (ஆஸ்துமா) இருந்தால், புகை உங்கள் பக்கம் வராதபடி காற்று வரும் திசையில் உட்காருங்கள், இன்ஹேலரைப் பையில் வையுங்கள். நாடு முழுவதும் 315 இடங்களின் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வில், ஜூலை 4 இரவிலிருந்து அடுத்த 24 மணி நேரத்தில் காற்றில் நுண்துகள் சராசரியாக 42 விழுக்காடு கூடியது தெரியவந்தது.

வீட்டிலேயே இருப்பதானால் ஒளிரும் குச்சிகள் போதும். தண்ணீர் நிரப்பிய ஆறு பிளாஸ்டிக் பாட்டில்களுக்குள் ஆளுக்கொரு குச்சி போட்டு மூடி, விளக்கை அணைத்துவிட்டுப் பந்தை உருட்டி வீழ்த்தும் விளையாட்டு ஆடலாம். மாமனாரையே நடுவராக உட்கார வையுங்கள். குச்சியைக் கடித்து உள்ளிருக்கும் நீர்மம் வாயில் பட்டால் எரிச்சலும் கசப்பும் இருக்கும், பெரும்பாலும் அதற்கு மேல் ஒன்றும் ஆகாது. வாயைக் கழுவித் துடைத்து, 1-800-222-1222 என்ற நஞ்சுத் தகவல் எண்ணை அழையுங்கள், எந்நேரமும் இலவசமாகப் பேசுவார்கள். பலூனுக்குள் குச்சி போடும் யோசனையை விட்டுவிடுங்கள், கிழிந்த பலூன் துண்டு சின்னப் பிள்ளையின் தொண்டையை அடைக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் சுட்டுவிட்டால், உடனே குழாய்த் தண்ணீரை மெல்லத் திறந்து அந்த இடத்தை 20 நிமிடம் காட்டுங்கள். பனிக்கட்டி வேண்டாம். பற்பசை, மஞ்சள், பேனா மை, தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம்; நாங்கள் அதையெல்லாம் சுரண்டி எடுக்கும்போதுதான் பிள்ளை மிக அதிகமாக அழுகிறது. வீங்குவதற்கு முன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். முகம், கை, பாதம், பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பட்டிருந்தாலோ, குழந்தையின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். கண்ணில் வெடி பட்டிருந்தால் விதி வேறு: கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், அழுத்தாதீர்கள், காகிதக் கோப்பையின் அடிப்பாகத்தை வெட்டிக் கண்ணின் மேல் படாமல் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு நேராக வாருங்கள். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ரணஜன்னி ஊசி எப்போது போட்டது என்று கட்டாயம் கேட்போம்.

கடைசியாக ஜூலை 5 காலை. நீங்கள் எதையும் கொளுத்தாவிட்டாலும் பக்கத்து வீடுகளில் கொளுத்தியிருப்பார்கள், காற்றில் வந்து விழுந்தவை உங்கள் புல்வெளியிலும் கிடக்கும். பாதி எரிந்து நின்றுபோன வெடியை எடுத்துத் திரியைக் கிள்ளிப் பார்ப்பது 7 வயதுப் பிள்ளைகளுக்கு மிகப் பிடித்த வேலை. அவர்கள் எழுவதற்கு முன் செருப்புப் போட்டுக்கொண்டு ஒரு வாளித் தண்ணீரோடு முற்றத்தையும் வீட்டின் முன் நடைபாதையையும் ஒருமுறை சுற்றி வாருங்கள். காண்பதையெல்லாம் நீண்ட இடுக்கியால் எடுத்து வாளியில் போட்டு நன்றாக ஊறவிட்டு, அடுத்த நாள் குப்பையில் சேருங்கள். மாமனார் காலையில் நடக்கப் போகிறவர் என்றால் இந்த வேலையை அவரிடமே கொடுக்கலாம், எது வெடிக்காமல் கிடக்கிறது என்று அவருக்கு உங்களைவிட நன்றாகவே தெரியும்.